உங்களுக்குத் தெரியுமா? பின் அச்சில் லாக் விழவில்லையா!

◆ திருமலை மலைப்பாதையில் ஒரு முழுக் கொண்டை ஊசி வளைவைச் சுற்றி முடிக்கும்போது, வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிடச் சுமார் 4.4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.4 மீட்டர் என்றால், வளைவு சின்னதோ பெரியதோ, இந்தக் கணக்கு மாறாது. ஜீப் டயருக்கு அது ஏறக்குறைய இரண்டு சுற்று. இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டுக்கொடுப்பது டிஃபரன்ஷியல். விட்டுக்கொடுக்க விடாமல் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துவிடுவது டிஃப் லாக். 1944-ல் திறந்த முதல் மலைப்பாதையானாலும் 1974-ல் வந்த இரண்டாவதானாலும், தார்ச் சாலையில் லாக்கோடு போனால் ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும். டயர் தேயும், ஆக்சில் முறுக்கேறும்.

◆ ஃபோர் வீல் போட்டும் வண்டி சேற்றில் நிற்கிறதா? பழுது இல்லாமலே அப்படி நிற்கும். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றால் போதும், மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். 1985 டிசம்பரில் வந்த மாருதி ஜிப்ஸிக்குக் கம்பெனியிலிருந்து டிஃப் லாக் கிடையாது. இல்லாத லாக்கை ரிப்பேர் பார்க்கச் சொன்னால் மெக்கானிக் என்னதான் செய்வார்? முதலில் உங்கள் வண்டியில் லாக் இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

◆ 2015-ல் வந்த மஹிந்திரா தார் மாடலில் ஈட்டன் நிறுவனத்தின் லாக் உண்டு. ஆனால் அதற்கு ஸ்விட்சும் இல்லை, லீவரும் இல்லை. இடது, வலது சக்கரங்களின் சுழற்சி நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசப்பட்டால் உள்ளே இருக்கும் எடைகள் விரிந்து தானாகப் பூட்டும். வண்டி சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பூட்டாது. ஆக்சிலரேட்டரைப் பயந்து பயந்து தொடுகிறவர்களுக்கு அந்த 100 சுற்று வருவதே இல்லை. “லாக் வேலை செய்யல சார்” என்று வந்து நிற்பவர்களில் பலர் இந்த ரகம். சீராகக் கொஞ்சம் மிதியுங்கள், ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது உடைந்த சத்தம் இல்லை, பூட்டிய சத்தம்.

◆ ஸ்விட்சோ லீவரோ உள்ள லாக்கை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். முன்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். பின் அச்சைத் தூக்கி இருபுறமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போக வேண்டாம். இன்ஜின் ஆஃப், முதல் கியர், கைப்பிரேக் எடுத்தாயிற்று. இப்போது ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். லாக் இல்லாத நிலை அது. பிறகு லாக்கைப் போட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக அசைத்துக் கொடுங்கள். உள்ளே பல்லோடு பல் நேராக வந்தால்தான் அது விழும். விழுந்தபின் எவ்வளவு தம் கட்டினாலும் சக்கரம் அசையாது. அப்போதும் எதிர்த்திசையில் சுற்றினால் மட்டுமே பழுது என்று பேச்சை எடுக்கலாம். தாரின் தானியங்கி லாக்குக்கு இந்தச் சோதனை ஒத்துவராது. கையால் அந்த வேகம் கொடுக்க முடியாதே!

◆ பழுது என்று உறுதியானாலும் ஹவுசிங்கைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். கிரவுன் பினியன் பக்கம் போகும் முன், லாக்குக்கு உத்தரவு கொண்டுபோகிற ஒயர், பைப், மோட்டார் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். பழைய டொயோட்டா லேண்ட் க்ரூசர் 80 வரிசையில் பின் அச்சிலேயே ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கும். சேறும் தண்ணீரும் படுகிற இடம். வருடக்கணக்கில் லாக்கையே தொடாமல் விட்டால் உள்ளே கிரீஸ் இறுகி, துரு ஏறி, மோட்டார் பிடித்துக்கொள்ளும். கழற்றிச் சுத்தம் செய்து புது கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். மாதம் ஒரு முறை மண் தரையில் லாக்கைப் போட்டு எடுத்தால் இந்த வேலையே வராது. அந்த வண்டியில் லோ கியர் போடாமல் லாக் விழாது என்பதையும் மறக்க வேண்டாம்.

◆ பேட்டரி சோர்ந்திருந்தாலும் இந்த மோட்டார் பாதியில் நிற்கும். அமரான் பேட்டரி பிறக்கும் கரகம்பாடி திருப்பதியின் வாசலில்தான் இருக்கிறது. இருந்தும் இங்கே எத்தனை பேர் டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியைத் துடைக்கிறார்கள்?

◆ லாக் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறதா? ‘உத்தரவு வந்தது, இன்னும் பூட்டவில்லை’ என்று பொருள். நிலையாக எரிந்தால் பூட்டியாயிற்று. லாக்கை எடுத்த பிறகும் அணையவில்லை என்றால் பற்கள் முறுக்கில் இறுகிக் கிடக்கின்றன. மண் தரையில் சில அடி ரிவர்ஸ் எடுத்து, ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஒடித்தால் விடுபடும். லாக் விழுகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் ஹவுசிங்கில் இருக்கும் சென்சார் ஸ்விட்சைப் பாருங்கள். சில நூறு ரூபாய் வேலைக்கு அச்சையே இறக்கிய கதைகள் உண்டு.

◆ காற்றில் இயங்கும் ஏஆர்பி ஏர் லாக்கர் ஆஸ்திரேலியச் சரக்கு. லாக் போட்ட பிறகு கம்ப்ரஸர் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று கசிகிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். சைலன்சரை உரசி உருகிய பைப்பை முதலில் சந்தேகப்படுங்கள். வெளியே எங்கும் குமிழி இல்லை, ஆனால் பின் அச்சு ப்ரீதர் (அச்சு மூச்சுவிடும் துளை) வழியாக ஆயில் துப்புகிறது என்றால் உள்ளே ஓ-ரிங் போயிருக்கும். அப்போதுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

◆ 2021 நவம்பர் மழையில் திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடின, ராயலசெருவு ஏரிக்கரை உடையுமோ என்று ஊரே நடுங்கியது. அத்தகைய வெள்ளத்தில் ஓடிய ஜீப்பின் அச்சு ஆயிலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ப்ரீதர் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வடிக்கும்போது ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

◆ டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்களை வெல்டிங் அடித்து நிரந்தர லாக் ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். மண் மைதானத்துப் போட்டிக்குச் சரி. மொகிலி காட் மலைப்பாதை வளைவில் இறங்க அப்படிப்பட்ட வண்டியில் நான் ஏற மாட்டேன். லாக் விழுந்து ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால், தரையில் உள்ள சக்கரத்தின் ஷாஃப்ட்டே மொத்த முறுக்கையும் தாங்க வேண்டும். உடைந்த ஆக்சில் ஷாஃப்ட்டை ஒட்டவைத்தாலும் நிற்காது. புத்தூர் கட்டு எலும்புக்கு மட்டும்தான்.

◆ லாக் இல்லாத வண்டியில் கைப்பிரேக்கைப் பாதி இழுத்துப் பிடித்தால் சும்மா சுழலும் சக்கரம் அடங்கி மறுசக்கரத்துக்கு இழுவை போகும் என்பார்கள். உண்மைதான், கைப்பிரேக் பின்சக்கரங்களில் இருந்தால். பழைய வில்லிஸ் ரக ஜீப்புகளில் அது ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். அங்கே இழுத்தால் இன்ஜினோடு மல்லுக்கட்டுவதுதான் மிச்சம்.

◆ சித்தூர்ப் பக்கம் மாந்தோப்பிலும் கரும்புக் கொல்லையிலும் டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் புதிது இல்லை. குதிகாலருகே இருக்கும் மிதியை அழுத்தினால் லாக். சக்கரம் வேகமாகச் சுழலும்போது மிதித்தால் பல் போகும், கிளட்ச்சை அழுத்திச் சுழற்சி நின்றபின் மிதிக்க வேண்டும். இரு சக்கரமும் தரையைப் பற்றியதும் ஸ்பிரிங் தானாக விடுவித்துவிடும். மிதி திரும்பி வரவில்லையா? முதலில் அதன் அச்சில் காய்ந்திருக்கும் சேற்றைச் சுரண்டி, இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் ஸ்பிரிங்கை மாற்றலாம்.