சிஎன்சி ரூட்டர் வாங்கலாமா? முதல்ல ஷீட்டை எண்ணுங்க

வேங்கிக்கால்ல அண்ணன் நடத்துற கேபினெட் பட்டறைக்கு, உங்க சம்பள ஸ்லிப்பை வச்சு சிஎன்சி ரூட்டர் வாங்கப் போறீங்களா? விலை கம்மின்னு 6090 மாடலை எடுக்காதீங்க. அதோட மேஜை 600க்கு 900 மில்லிமீட்டர்தான், பெயர்ப்பலகை வேலைக்கு ஓகே. பிளைவுட் ஷீட் 8க்கு 4 அடி. அது முழுசா உட்கார 1325 வேணும்.

இப்ப கணக்குக்கு வருவோம். 10 லட்சம் லோன், 11% வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் 21,740 ரூபாய். வெளியில வெட்டித் தர ஷீட்டுக்கு 500 ரூபாய்னு வச்சுக்குங்க. மாசம் 44 ஷீட் ஓடினாத்தான் இஎம்ஐயே தேறும். கரண்ட், டஸ்ட் கலெக்டர், அடிக்கடி உடையுற பிட் எல்லாம் அதுக்கு மேல. (கொட்டேஷன்ல டஸ்ட் கலெக்டர் இருக்கான்னு பாருங்க.) 20 ஷீட்தான்னா, இப்போதைக்கு ஜாப் ஒர்க் கொடுங்க.

வாங்குறதுன்னு முடிவானா, உங்க பேர்ல பர்சனல் லோன் வேண்டாம். பிஎம்இஜிபி மானியம் புது யூனிட்டுக்கு. ஓடிட்டு இருக்குற பட்டறைக்கு அண்ணன் பேர்லயே முத்ரா கேளுங்க. தருண் பிரிவுல 10 லட்சம் வரை, அடமானம் இல்லாம.