கல்லீரல் புற்றுநோயும் உயிரணுப் பரப்புப் புரதங்களில் நிகழும் மாற்றங்களும்

கல்லீரல் புற்றுநோய் தொடக்க நிலையில் பெரும்பாலும் எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை. ஆயினும், உயிரணுக்களின் மேற்பரப்பில் மாற்றங்கள் அதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றன.

எத்தகைய மாற்றம்?

உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள புரதங்கள் வெளியிலிருந்து வரும் சமிக்ஞைகளை ஏற்கின்றன. அருகிலுள்ள உயிரணுக்களைப் பற்றிக்கொள்ளவும் உதவுகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுடன் சர்க்கரை மூலக்கூறுகளாலான சங்கிலிகள் இணைந்துள்ளன. நொதிகள் நிகழ்த்தும் இவ்விணைப்பு கிளைக்கோசைலேற்றம் எனப்படும். இதனை உணவில் சேர்க்கும் சர்க்கரையுடன் குழப்பிக்கொள்ளலாகாது.

புற்றுநோய்க்கு எவ்வாறு துணைபோகிறது?

ஹெப்படைட்டிஸ் பி, சி வைரசுகள், மதுப்பழக்கம், கல்லீரல் கொழுப்பு ஆகியவற்றால் கல்லீரல் பல ஆண்டுகள் சேதமுறும்போது, மரபணுப் பிறழ்வுகளுடன் இந்நொதிகளின் அளவும் மாறக்கூடும். அதன் விளைவுகளுள் முக்கியமானவை:

• சங்கிலிகள் மிகுதியாகக் கிளைப்பதால், வளர்ச்சிச் சமிக்ஞையை ஏற்கும் புரதங்கள் மேற்பரப்பில் நீண்ட நேரம் தங்குகின்றன. உயிரணுப் பெருக்கம் தூண்டப்படுகிறது.
• உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இ-கேடரின் புரதத்தின் பிடி தளர்கிறது. புற்றுநோய் பரவ வழி ஏற்படுகிறது.

இரத்தத்தில் தெரியும் அடையாளம்

கல்லீரல் உயிரணுக்கள் சுரக்கும் புரதங்களிலும் இத்தகைய மாற்றம் காணப்படுகிறது. ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் அளவு கர்ப்பக் காலத்திலும் கல்லீரல் அழற்சியிலும் கூட உயரலாம். ஆனால் புற்றுநோய் உயிரணுக்கள் சுரக்கும் அப்புரதத்தில் ஃபியூக்கோஸ் என்னும் சர்க்கரை கூடுதலாக இணைந்திருப்பது மிகுதி. மைசூர்ப் பருப்பிலிருந்து பெறப்படும் ஒரு புரதம் அவ்வடிவத்துடன் ஒட்டிக்கொள்ளும். ஏ.எஃப்.பி.-எல்3 என்னும் பரிசோதனை இப்பண்பை அடிப்படையாகக் கொண்டது. எனினும், இரத்தப் பரிசோதனை முடிவு இயல்பாக இருப்பதால் மட்டும் புற்றுநோய் இல்லை என உறுதி செய்ய இயலாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இழைநார் வளர்ச்சி உள்ளவர்கள், உடல்நலக் குறைவு எதையும் உணராவிடினும், 6 மாதங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் பி தொற்று உள்ளவர்கள் தமக்கும் இது தேவையா என மருத்துவரிடம் கேட்டறியவும்.
• பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுவதை உறுதி செய்யவும்.
• மதுவை முற்றிலும் தவிர்க்கவும்.

கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டறியப்பட்டால், அறுவைச் சிகிச்சை, கல்லீரல் மாற்று போன்றவற்றால் குணமடையும் வாய்ப்பு உண்டு. ஆகவே, அறிகுறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம்.