தரம் காக்கும் உத்தியோகம்

படுவான்கரை உழவர் நெல்மணியொன்றைப் பல்லாற் கடித்தே அதன் காய்ச்சலைச் சொல்லிவிடுவர். நெல்லின் ஈரம் 14 வீதத்தைத் தாண்டினால் களஞ்சியத்திற் பூஞ்சணம் பற்றும் என்பது விஞ்ஞானம். அந்தக் கடியை அளவாகவும், அளவை ஏட்டுப் பதிவாகவும் மாற்றுவதே தர உறுதிப்பாட்டுத் தொழில்.

“குறைபிடிக்கும் வேலைதானே, ஐயா?” என்றார் எம் மாணவரொருவர். அப்படியன்று. பழுதைப் பொறுக்கி எறிவது பரிசோதனை. அவித்தல், உலர்த்தல், தீட்டல் ஒவ்வொன்றிலும் பழுது பிறவாமற் காப்பதே உறுதிப்பாடு. 1924இல் அமெரிக்கரான வால்ற்றர் ஷூவார்ட் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம் இன்றும் இதற்குக் கருவி.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய, விஞ்ஞானப் பட்டங்கள் இதற்கு நல்ல அடித்தளம். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றி, இன்று இலங்கைக் கட்டளைகள் நிறுவனமாக விளங்கும் அமைப்பின் நியமங்களையும் கற்றல் வேண்டும். புள்ளிவிபரவியலுக்கு அஞ்சுவோர் (எம் வகுப்பிலும் உளர்!) நெடுந்தூரம் செல்லார். தொடக்கம் ஆய்வுகூடத்தில்; முகாமையாளர் நாற்காலி பல்லாண்டு கழித்தே.

பட்டத்தினும் அரியதொன்று உண்டு. வாயிலில் லொறி நிற்கும். முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பார். ஈரமானி 16 காட்டும். அப்பொழுது “அனுப்பற்க” என எழுதிக் கையொப்பமிட வேண்டும். அன்று அவ்வாலையில் அவருக்கு நண்பர் எவரும் இரார்.