வீடு திரும்பிய பிறகு: கடுமையான கொவிட்-19 நோயிலிருந்து மீண்டவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும்

சிங்கப்பூரில் முதல் கொவிட்-19 நோயாளி 2020ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி அடையாளம் காணப்பட்டார். 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை மீண்டும் பச்சைக்குத் திரும்பியது. அன்றோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்து வந்தவர்கள் பலருக்கு அப்படி முடியவில்லை. உங்கள் வீட்டிலோ உங்கள் புளோக்கிலோ அப்படி ஒருவர் இருக்கலாம். அவர் நீங்களாகவும் இருக்கலாம்.

இந்தக் கட்டுரையில் ஒரு பெரியவர் வருகிறார். அவர் தனி ஒரு மனிதர் அல்லர். இப்படி நோயுற்றுக் குணமடைந்தவர்களுக்கு வழக்கமாக நேர்பவற்றைச் சேர்த்து அவரைப் படைத்திருக்கிறோம். துறைமுகத்தில் நாற்பது ஆண்டு வேலை செய்து ஓய்வுபெற்றவர், வயது 72. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. "சர்க்கரை இருக்கிறது, ஊசி ஒத்துக்கொள்ளுமோ என்னவோ" என்று தடுப்பூசியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர். நீரிழிவு உள்ளவருக்குத்தான் இந்நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தியல்ல. பயம் வந்தால் காது கேட்பதில்லை.

மூச்சு திணறவில்லை, எண் குறைந்தது

2021ஆம் ஆண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று இலவசமாக வழங்கப்பட்டது நினைவிருக்கலாம். பெரியவருக்குக் காய்ச்சல் வந்து ஐந்தாவது நாள். இருமல் கொஞ்சம் இருந்தது. உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வந்து, "அப்பா, விரலைக் காட்டுங்க" என்றார். கருவி 90 காட்டியது.

"இது கெட்டுப்போச்சு" என்றார் பெரியவர். மகள் அதே கருவியைத் தாயாரின் விரலில் மாட்டினார். 98. உடனே 995க்கு அழைத்தார்.

கொவிட்-19 நோயில் இது ஒரு விசித்திரமான ஆபத்து. நுரையீரல் பாதிக்கப்பட்டு இரத்தத்தில் உயிர்வாயு குறைந்திருந்தாலும் சிலருக்கு மூச்சுத்திணறல் தெரிவதில்லை. பேசுவார்கள், சிரிப்பார்கள். ஆகவே "எனக்கு ஒன்றுமில்லை" என்ற சொல்லை மட்டும் நம்பவேண்டாம். பொதுவாக 95 முதல் 100 வரை இருப்பது நல்லது. 93 அல்லது 94 வந்தால் சற்று ஓய்வெடுத்து மறுபடி அளந்து பாருங்கள். அதே எண் வந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். 92 அல்லது அதற்குக் கீழே என்றால் 995க்கு அழையுங்கள். நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு வழக்கமான எண்ணே குறைவாக இருக்கலாம். அவர்களுக்கு எந்த எண் சரி என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிய பிறகு அளக்கவேண்டும். நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ உள்ள விரலைத் தவிர்த்துவிடுங்கள். இன்னொன்றும் நம்மவர்கள் அறிந்திருக்கவேண்டும்: கருமையான தோல் உள்ளவர்களுக்கு இக்கருவி சில வேளைகளில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். எண் நன்றாக இருந்தும் மூச்சு முட்டினால், உதடு நீலம் பாய்ந்தால், நெஞ்சு வலித்தால், கருவியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உதவிக்கு அழையுங்கள்.

அவர் யாரிடமும் சொல்லாதது

பெரியவர் பதினாறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அதில் பதினொரு நாள் சுவாசக் கருவியில். நுரையீரலின் பின்பகுதிக்கும் காற்று நன்கு போய்ச் சேர, நாளின் பெரும்பகுதி அவரைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். மனைவி பார்க்க வர முடியவில்லை. தாதி ஒருவர் பிடித்துக்கொண்ட கைப்பேசித் திரையில்தான் கணவரைப் பார்த்தார்.

வீடு திரும்பியதும் எல்லாரும் கேட்டார்கள், "அங்கே எப்படி இருந்தது?" "தூங்கிக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிட்டார்.

உண்மை அதுவல்ல. அவர் ஒரு கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டிருந்தார். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் தெரியாத ஆட்கள் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு வந்து, அவரைக் கடலில் தள்ளப்போவதாகப் பேசிக்கொண்டார்கள். தப்பிக்க முயன்றார். கைகளைக் கட்டிவிட்டார்கள். அவர் தமிழில் கத்தினார், யாருக்கும் புரியவில்லை. இது கனவு என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. இன்றும், நேற்று நடந்ததுபோல்தான் இருக்கிறது.

ஓராண்டுக்கு மேல் அதை மனத்தில் பூட்டி வைத்திருந்தார். புத்தி பேதலித்துவிட்டதோ என்ற பயம். சொன்னால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம். இரவில் விளக்கை அணைக்க விடமாட்டார். மனைவி காரணம் கேட்டால் எரிந்து விழுவார். ஒருநாள் மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் சாதாரணமாகக் கேட்டார்: "ஐயா, அங்கே இருந்தபோது ஏதாவது கண்டீர்களா? பலர் சொல்வார்கள்." பெரியவர் அழுதுவிட்டார்.

இதற்கு மனக்குழப்ப நிலை என்று பெயர். இது பைத்தியமன்று. தீவிர சிகிச்சையில், அதிலும் சுவாசக் கருவியில் இருப்பவர்களிடம், குறிப்பாக முதியவர்களிடம், இது மிகவும் சாதாரணமாகக் காணப்படுகிறது. உயிர்வாயுக் குறைவு, காய்ச்சல், மயக்க மருந்துகள், இரவு பகல் தெரியாமை, கண்ணாடியும் செவிக்கருவியும் இல்லாமை ஆகியவை ஒன்றுசேர்ந்து மூளையைக் குழப்புகின்றன. அரைகுறையாகக் காதில் விழுவதையும் கண்ணில் படுவதையும் வைத்து மூளை ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறது. பெரியவரின் மூளை, அவர் நாற்பது ஆண்டு பார்த்த கப்பலை எடுத்துக்கொண்டது. மஞ்சள் அங்கி தாதியரின் பாதுகாப்பு உடை. தொண்டைக் குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கத்தான் கைகளுக்கு உறை போட்டு, மென்மையான பட்டையால் கட்டியிருந்தார்கள். குழாயைப் பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த விளக்கம் கிடைத்த பிறகுதான் அவருக்குக் கட்டிய கைகள்மீது இருந்த கோபம் தணிந்தது.

இத்தகைய நேரத்தில் முதியவர்கள் பிற்பாடு கற்ற மொழிகளை விட்டுத் தாய்மொழிக்கே திரும்பிவிடுவதும் உண்டு. உங்கள் உறவினர் மருத்துவமனையில் இருந்தால், கண்ணாடி, செவிக்கருவி, பொய்ப்பல் ஆகியவற்றைக் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் அவரை எப்படி அழைப்பீர்கள் என்பதையும், 'வலி', 'தண்ணீர்', 'பயப்படாதீர்கள்' போன்ற சில தமிழ்ச் சொற்களையும் ஆங்கில எழுத்தில் எழுதித் தாதியரிடம் கொடுக்கலாம். சிறிய காரியந்தான், ஆனால் பெரிதும் உதவும்.

கால்கள் ஏன் சொன்னபடி கேட்பதில்லை

தீவிர சிகிச்சையில் பத்து நாள் படுத்திருந்தால் தொடைத் தசையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடலாம். ஆகவே குளியலறை வரை நடப்பதே மலையேறுவதுபோல் இருந்தால், அது சோம்பல் அன்று. தசை மீண்டும் வளரச் சில மாதங்கள் ஆகும். அதற்குச் சாப்பாடும் அசைவும் இரண்டும் வேண்டும்.

நம் வீடுகளில் நோயாளி என்றால் கஞ்சிதான். வெறும் கஞ்சியில் தசை வளராது. அதில் முட்டையோ மீனோ பருப்போ டோஃபுவோ சேருங்கள். (சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு புரதம் சாப்பிடலாம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.) ரசம் குடிப்பதில் தவறில்லை, தொண்டைக்கு இதமானது. கசாயப் பொடிகள், மூலிகை மாத்திரைகள் சாப்பிட்டால் மட்டும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளோடு சில மூலிகைகள் சேரக்கூடாது.

சுவரை ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது நல்ல தொடக்கம். காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது. பிறகு புளோக்கின் நடைவழியில் சிறிது தூரம். மூச்சு வாங்கினால் நின்று, மூக்கால் இழுத்து, சூடான தேநீரை ஊதி ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். ஒருநாள் உடம்பு நன்றாக இருக்கிறதென்று ஈரச்சந்தை வரை போய்வந்து, மறுநாள் முழுவதும் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், அளவு மீறிவிட்டது என்று பொருள். அடுத்த முறை பாதி போதும்.

மருத்துவமனையில் கொடுக்கப்பட்ட டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். அதற்காக இன்சுலின் அளவைக் கூட்டியிருப்பார்கள். ஸ்டீராய்டு நின்ற பிறகும் அதே அளவு இன்சுலின் போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே, பழையதும் புதியதுமாக உள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு உங்கள் மருந்தகத்துக்கு அல்லது பலதுறை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மணம் தெரியாத சமையலறை

பெரியவரின் மனைவிக்கும் தொற்று ஏற்பட்டது, லேசாகத்தான். ஆனால் தாளிப்பின் மணம் ஏழு மாதம் தெரியவில்லை. கருகுவதும் தெரியாது, பால் திரிந்ததும் தெரியாது, எரிவாயு கசிந்தாலும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் அடுப்பை மூடினோமா என்று இருமுறை பார்க்கவேண்டும்.

கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் தைலம் ஆகிய நான்கையும் நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 20 விநாடி, அதன் மணத்தை நினைத்துக்கொண்டே முகர்ந்து வாருங்கள். மூன்று மாதமாவது செய்யவேண்டும். எல்லாருக்கும் பலன் தரும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை.

எப்போது கேட்பது, யாரிடம்

தொற்று ஏற்பட்டு மூன்று மாதமாகியும் களைப்பு, மூச்சிரைப்பு, மறதி போன்றவை தொடர்ந்து, வேறு காரணம் எதுவும் புலப்படாவிட்டால் அது நீண்டகால கொவிட்டாக இருக்கலாம். "வயசாச்சு, இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். இரத்தச்சோகையோ தைராய்டு கோளாறோ இதயக் கோளாறோ இருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். பரிசோதித்தால்தான் தெரியும். குரல் கரகரப்பு நீங்காவிட்டாலும், தண்ணீர் குடிக்கும்போது புரையேறிக்கொண்டே இருந்தாலும் சொல்லுங்கள். அது குழாய் போட்டதன் விளைவாக இருக்கலாம், அதற்குப் பயிற்சி உண்டு.

கெட்ட கனவு, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், பிழைத்ததே தப்போ என்ற எண்ணம் ஆகியவற்றையும் அதே மருத்துவரிடம் சொல்லலாம். நள்ளிரவில் மனம் தாங்கவில்லை என்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அடுத்த தடுப்பூசியை எப்போது போட்டுக்கொள்ளலாம் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். ஒருமுறை நோய் வந்துவிட்டால் மறுபடி வராது என்பது இல்லை.

பெரியவர் இப்போது மின்தூக்கி வரை தடியில்லாமல் நடக்கிறார். கப்பல் கதையை மனைவியிடமும் சொல்லிவிட்டார். அவரும் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்: தன்னிடமிருந்துதான் அவருக்குத் தொற்றியது என்று அத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தாராம். படுக்கையறை விளக்கு சில இரவுகள் இன்னும் எரிகிறது.