திறன்பேசி வழி மனநலக் கண்காணிப்பு

திறன்பேசி வழி மனநலக் கண்காணிப்பு என்பது ஒருவரின் மனநிலை, உறக்கம், நடமாட்டம் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களைச் செயலிகளின் உதவியால் நாள்தோறும் பதிவு செய்து கவனிக்கும் முறையாகும். மருத்துவரிடம் செல்பவர் கடந்த வாரங்களை நினைவிலிருந்தே சொல்ல வேண்டியுள்ளது. மனம் சோர்ந்திருக்கும்போது நல்ல நாட்கள் நினைவுக்கு வருவதில்லை. அன்றன்றே செய்யப்படும் பதிவு இக்குறையை ஓரளவு நீக்குகிறது.

செயல்படும் விதம்

இச்செயலிகள் இருவகையில் தகவல் திரட்டுகின்றன.

1. வினாக்கள்: பயனரே விடையளிக்கிறார். மனச்சோர்வை அறிய உதவும் பிஎச்கியூ-9 என்னும் வினாநிரலில் ஒன்பது வினாக்கள் உள்ளன. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எவ்வளவு அடிக்கடி இருந்தது என்பதற்கு ஏற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண் இடப்படும். மொத்தம் 27. பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவ மதிப்பீடு தேவை எனக் கொள்ளப்படுகிறது.

2. உணரிகள்: கைப்பேசியின் அசைவு, வெளிச்சம், ஒலி, இருப்பிடம் ஆகியவற்றைக் கொண்டு உறக்க நேரமும் நடமாட்டமும் கணிக்கப்படுகின்றன.

டார்ட்மவுத் ஆய்வு

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 2013ஆம் ஆண்டு 48 மாணவர்களின் கைப்பேசித் தரவுகள் 10 வாரங்கள் திரட்டப்பட்டன. பருவத் தொடக்கத்தில் நன்றாக இருந்த உறக்கமும், பிறருடன் உரையாடும் நேரமும், உடலியக்கமும் பாடச்சுமை ஏறியபோது குறைந்தன. மன அழுத்தம் கூடியது. குறைவாக உறங்கிய மாணவர்களிடம் மனச்சோர்வு மதிப்பெண் கூடுதலாகக் காணப்பட்டது.

வரம்புகள்

மாற்றத்தைக் காட்டுவது செயலியால் இயலும். அதன் காரணத்தைச் சொல்வது இயலாது. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு விளையாடச் சென்ற மாணவர், செயலியின் கணக்கில் அசையாமல் இருந்தவராகிறார். தைராய்டு குறைபாட்டால் வரும் களைப்பும் மனச்சோர்வு போலத் தோன்றலாம். எனவே மதிப்பெண் என்பது நோயறிதல் அன்று.

பிஎச்கியூ-9இன் ஒன்பதாம் வினா உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அவ்வெண்ணம் இருப்பின் காத்திருக்காமல் நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ மருத்துவரிடமோ பேச வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

தனியுரிமை

மனநலத் தரவு விளம்பரத்திற்குப் பயன்படும் ஆபத்தும் உண்டு. பயனர்களின் தகவல்களை முகநூல் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு அளித்ததாக இணையவழி ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப் மீது அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2023இல் குற்றம் சாட்டியது. அந்நிறுவனம் 78 இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. ஆகவே தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, யாருடன் பகிரப்படுகிறது, அதனை அழிக்க வழி உண்டா என்பவற்றைச் செயலியை நிறுவும் முன்பே அறிந்துகொள்வது நல்லது.