பிகாரில் தேறிய மருந்து, ஜெர்மனியிலிருந்து நன்கொடையாக வந்தது

புது தில்லி: திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை அடுத்த ஸ்ரீவராகத்தின் அடையாளம், லட்சுமி வராகர் கோயிலின் பரந்த திருக்குளம். இத்தகைய குளங்களில் முங்கிக் குளிப்பது கேரளத்தில் தலைமுறை வழக்கம். அவ்வழக்கத்தையே அச்சத்தோடு பார்க்க வைத்துவிட்டது அமீபா மூளைக்காய்ச்சல்.

வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலேரி எனும் அமீபா, மூக்கின் வழியாக மூளையை அடைகிறது. உலக அளவில் இந்த அமீபா தாக்கியோரில் சுமார் 97 சதவீதத்தினர் பிழைக்கவில்லை. கேரளத்தில் வேறு வகை அமீபாக்களும் நோய் உண்டாக்குகின்றன. அங்கு 2025-ல் செப்டம்பர் நடுப்பகுதி வரை 69 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 19 பேர் இறந்தனர். பலர் பிழைத்ததற்கு விரைவில் நோயறிந்ததும், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததும் காரணம் என்கிறது மாநில அரசு. அம்மருந்துகளில் ஒன்று மில்டெஃபோசின்.

2024 ஜூலையில் இம்மருந்து ஜெர்மனியிலிருந்து தருவிக்கப்பட்டு, தனியார் மருத்துவக் குழுமம் ஒன்றின் நன்கொடையாகக் கேரள அரசிடம் தரப்பட்டது. அதன் பூர்வீகத்தை அறிந்தவர்களுக்கு இது வேதனையான வேடிக்கை.

1980-களில் புற்றுநோய்க்காக ஜெர்மனியில் உருவான மூலக்கூறு இது. உயிரணுச் சவ்வின் கொழுப்புப் பொருளை ஒத்த வடிவம் கொண்டது. அந்த ஒற்றுமையாலேயே ஒட்டுண்ணியின் சவ்வைக் குலைக்கிறது. காலா அசார் எனும் கருங்காய்ச்சலுக்கு வழங்கப்பட்டு வந்த ஆன்டிமனி ஊசி வடக்கு பிகாரில் பலனிழந்திருந்த காலம் அது. உலக சுகாதார அமைப்பின் வெப்பமண்டல நோய் ஆய்வுத் திட்டமும் ஜெர்மன் நிறுவனமும் இம்மருந்தை அங்கு சோதித்தன. சோதனைக்கு உடன்பட்டவர்கள் பிகாரின் ஏழை நோயாளிகள். 28 நாள்கள் மாத்திரை உட்கொண்ட 299 பேரில் 94 சதவீதத்தினர் குணமடைந்ததாக 2002-ல் முடிவு வெளியானது. அதே ஆண்டு, கருங்காய்ச்சலுக்கு இதை உலகிலேயே முதலில் அங்கீகரித்த நாடு இந்தியா.

பின்னர் கதை திசைமாறியது. 2014-ல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் தந்தபோது, உரிமை பெற்றிருந்த கனடா நிறுவனமான நைட் தெரப்யூடிக்ஸுக்கு "முன்னுரிமைச் சீட்டு" ஒன்றும் பரிசாகக் கிடைத்தது. புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து காண்போரை ஊக்குவிக்கும் ஏற்பாடு அது. வேறொரு மருந்தின் பரிசீலனையை விரைவுபடுத்த உதவும். அச்சீட்டை அந்நிறுவனம் 12.5 கோடி டாலருக்கு கிலியட் நிறுவனத்துக்கு விற்றது. பொதுப்பணத்திலும் பிகார் நோயாளிகளின் ஒத்துழைப்பிலும் தேறிய மருந்தால் வந்த பணம் யார் கைக்குப் போனது என்பதை வாசகர் கவனிக்கலாம்.

கருங்காய்ச்சலுக்கு ஒரே தவணை ஆம்போடெரிசின் ஊசி முதன்மைச் சிகிச்சையானதும், இந்தியாவில் மில்டெஃபோசினின் தேவை சுருங்கியது. வாங்குவோர் இல்லாத மருந்தைச் சந்தை சுமக்காது. அதற்காகத்தான் அரசு இருக்கிறது.

மத்திய பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேரின் தலைமையகம் இருப்பது இதே திருவனந்தபுரத்தில். கேரள அரசின் மருந்து ஆலையோ ஆலப்புழை மாவட்டத்தில் உள்ளது. மில்டெஃபோசின் நாட்டில் எங்கெங்கு, எவ்வளவு இருப்பில் உள்ளது, அதை உள்நாட்டிலேயே தயாரிக்கத் தடை என்ன என்பதைக் கேள்வி நேரத்தில் கேட்டு மக்கள் முன் வைக்கலாம். குமரி மாவட்ட நோயாளிகளும் திருவனந்தபுரம் மருத்துவமனைகளை நாடுவதால், இது தமிழக உறுப்பினர்களும் எழுப்ப வேண்டிய கேள்வி.