என்ஜின் ஏன் நின்றது? பாகத்தை மாற்றும் முன் காரணத்தைத் தேடுவோம்

கிராஞ்சி விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருக்கும் ஒரு கார், இரண்டு முறை குலுங்கி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "பேட்டரி போயிருக்கும்" என்பார் ஒருவர். "ஸ்பார்க் பிளக்கை மாற்றினால் சரியாகிவிடும்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகிப்பார். மூன்று பேர் மூன்று பாகங்களைச் சொல்லிவிட்டார்கள். ஆனால், காரின் முன்மூடியை இன்னும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை!

சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழுடன் ஒரு காரை வாங்குபவர் பெரும்பாலும் அதைப் பல ஆண்டுகள் வைத்திருக்கவே விரும்புவார். எனவே பழுதுபார்ப்பது தவிர்க்க முடியாத செலவு. காரணம் தெரியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால் அந்தச் செலவு பல மடங்காகும். அதைவிட ஆபத்தானது, உண்மையான பழுது உள்ளேயே இருக்க, வண்டி 'சரியாகிவிட்டது' என்று நம்பி மறுபடியும் சாலைக்குப் போவது.

மாணவர்களே, என்ஜின் பழுதைக் கண்டுபிடிப்பது நீங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் வேலைதான். கவனிக்க வேண்டும், ஊகிக்க வேண்டும், ஊகத்தைச் சோதிக்க வேண்டும், பிறகுதான் முடிவு.

முதலில் மனிதர், பிறகு இயந்திரம்

விரைவுச்சாலையில் கார் நின்றால் அபாய விளக்குகளை எரியவிட்டு, பாதுகாப்பாக இறங்க முடிந்தால் இறங்கி, சாலைத் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மீட்புச் சேவை, விரைவுச்சாலையில் நின்றுபோன வாகனத்தை அருகிலுள்ள குறிப்பிட்ட கார்நிறுத்தத்திற்கு இலவசமாக இழுத்துச் செல்லும். ஓடும் வாகனங்களுக்கு நடுவே நின்று ஆராய்ச்சி செய்வது அறிவியல் ஆகாது.

இன்னொரு எச்சரிக்கை. சூடான என்ஜினின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் குளிர்விப்பு நீர் அதிக அழுத்தத்தில் இருப்பதால், 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறையும். கொதிநிலையும் சட்டென்று இறங்கும். அந்த நொடியே நீர் பொங்கிக் கொதித்து முகத்தில் அடிக்கும். அழுத்தத்துக்கும் கொதிநிலைக்கும் உள்ள தொடர்பை இப்படிக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

என்ஜினுக்கு என்னென்ன வேண்டும்?

பெட்ரோல் என்ஜின் ஓட நான்கு தேவைகள் உண்டு: காற்று, எரிபொருள், சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி, போதுமான அமுக்கம். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கன அளவுக்கு அமுக்கும்போது தீப்பொறி விழுகிறது. நான்கில் ஒன்று குறைந்தாலும் என்ஜின் ஓடாது, அல்லது திக்கித் திணறும்.

எந்தத் தேவை குறைந்தது என்று எப்படி அறிவது? காதைக் கொடுத்துக் கேட்பதே முதல் சோதனை. சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்ற ஒலி மட்டும் வந்து என்ஜின் சுழலவே இல்லையா? அப்படியானால் பெட்ரோலையும் பிளக்கையும் தற்போதைக்கு மறந்துவிடலாம். சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் போதவில்லை, அல்லது அந்த மோட்டாரிலேயே கோளாறு. என்ஜின் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லையா? அப்போது பேட்டரியின் மேல் சந்தேகம் குறைகிறது. எரிபொருள், தீப்பொறி, அமுக்கம் ஆகியவற்றை ஆராயலாம்.

ஒரே கேள்வி, சந்தேகப் பட்டியலில் பாதியை அழித்துவிட்டது. நல்ல சோதனைக்கு அதுவே அடையாளம்.

ஓம் விதி பிடித்துக்கொடுக்கும் குற்றவாளி

'டிக்' ஒலி மட்டும் கேட்கும் காரை எடுத்துக்கொள்வோம். பட்டறையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறார்கள். பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. முழுதாக மின்னேற்றம் பெற்ற பேட்டரி, சும்மா இருக்கும்போது காட்டும் அளவு அதுதான். விளக்குகளும் எரிகின்றன. பிறகு ஏன் மோட்டார் சுழலவில்லை?

பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் படிந்த அரிப்பைக் கவனியுங்கள். அதன் மின்தடை வெறும் 0.02 ஓம் என்று கொள்வோம். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் 150 ஆம்பியர் என்றால், ஓம் விதிப்படி 150 ஐ 0.02 ஆல் பெருக்க வேண்டும். விடை 3 வோல்ட். அத்தனையும் அந்த அரிப்பிலேயே வீணாகிறது. விளக்குக்குச் சில ஆம்பியர் போதும் என்பதால் அங்கே இழப்பு தெரிவதில்லை. மீட்டர் வழியாக ஏறக்குறைய மின்னோட்டமே பாயாததால் அதற்கும் தெரிவதில்லை.

எனவே அனுபவமுள்ள மெக்கானிக், சாவியைத் திருப்பும் அதே நேரத்தில் அளப்பார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும், மறு முனையை அதைக் கவ்வியிருக்கும் வளையத்திலும் வைப்பார். இரண்டும் ஒட்டியே இருப்பதால் வித்தியாசம் ஏறத்தாழ சுழியமாக இருக்க வேண்டும். பெரிய எண் வந்தால் குற்றவாளி அங்கேதான்.

சோதிக்காமல் புதிய பேட்டரியை வாங்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேட்டரியை மாற்றும்போது முனையையும் சுரண்டித் துடைப்பார்கள். கார் கிளம்பிவிடும். "பார்த்தீர்களா, பேட்டரிதான்!" என்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாறிகளை மாற்றிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பெயர் கொடுத்துவிட்டார்கள். நல்ல பேட்டரி ஒன்று குப்பைக்குப் போகும். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்று அறிவியல் பாடத்தில் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

கணினி சொல்வதும் சொல்லாததும்

இன்றைய கார்களில் ஓட்டுநரின் முழங்கால் பக்கம் 16 ஊசிகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இந்தத் தரமுறை, பின்னர் உலகெங்கும் பரவியது. அதில் ஸ்கேனரைச் செருகினால் காரின் கணினி பழுதுக் குறியீடுகளைக் காட்டும்.

'பி0302' என்ற குறியீடு வந்தால், இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். ஏன் தவறுகிறது என்று அது சொல்லாது. பிளக், தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், குறைந்துபோன அமுக்கம் என எதுவும் காரணமாக இருக்கலாம்.

காசு செலவில்லாத ஓர் அழகான சோதனை இதற்கு உண்டு. சிலிண்டருக்கு ஒரு சுருள் உள்ள கார்களில், இரண்டாவது சிலிண்டரின் சுருளையும் மூன்றாவதன் சுருளையும் இடம் மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்துவிட்டு, என்ஜினை ஓட்டிப் பார்ப்பார்கள். குறியீடு 'பி0303' என்று மாறினால், பழுது சுருளோடு சேர்ந்து இடம் பெயர்ந்திருக்கிறது, சுருள்தான் காரணம். மறுபடியும் 'பி0302' என்றே வந்தால் சுருளின் மேல் தவறில்லை. அடுத்து பிளக்கை அதேபோல் மாற்றிப் பார்க்கலாம்.

'பி0171' என்பது இன்னொரு குறியீடு. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். இதைக் கண்டதும் ஆக்சிஜன் உணரியை மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. காய்ச்சலைக் காட்டிய வெப்பமானியைத் தூக்கி எறிவது போன்றது அது. எங்கோ விரிசல் விட்ட ரப்பர் குழாய் வழியே காற்று உள்ளே கசியலாம். பெட்ரோல் பம்ப் பலவீனமாகியிருக்கலாம். உணரி சரியாகவே வேலை செய்து உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

எப்போது சூடாகிறது?

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் 170ஆம் எண் பேருந்து ஏறி ஜோகூருக்குப் போனவர்களுக்கு உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின் நெரிசல் நன்றாகத் தெரியும். அங்கே ஊர்ந்து செல்லும்போது ஒரு காரின் வெப்பநிலை முள் ஏறுகிறது. வேகமாக ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடுகிறது. இதிலிருந்து என்ன ஊகிக்கலாம்?

ஓடும் காருக்கு எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும் காருக்கு மின்விசிறி வேண்டும். ஆகவே முதல் சந்தேகம் விசிறியின் மேல். மாறாக, வேகமாக ஓடும்போது மட்டும் சூடேறினால், நீரோட்டம் தடைபடுகிறதா, ரேடியேட்டர் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

குளிர்விப்பு நீர் வெளியே கசியாமலே குறைந்துகொண்டு வந்தால், சிலிண்டர் தலைப்பகுதியின் கேஸ்கெட் சேதமடைந்திருக்கலாம். அதைச் சரிசெய்ய என்ஜினின் மேற்பகுதியையே பிரிக்க வேண்டும்; செலவும் அதிகம். அதற்கு முன்பாக ஒரு எளிய வேதியியல் சோதனை செய்யலாம். குளிர்விப்பு நீருக்கு மேலே உள்ள காற்றை, நீல நிறத் திரவம் ஒன்றின் வழியே உறிஞ்சுவார்கள். அது பெரும்பாலும் நீங்கள் அறிந்த புரோமோதைமால் நீலம்தான். எரிந்த வாயுவிலுள்ள கரியமில வாயு கலந்தால் அமிலத்தன்மை கூடி, நீலம் மஞ்சளாக மாறும். இருக்கக் கூடாத இடத்தில் எரிவாயு இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. சில நிமிடச் சோதனை, சில நாள் வேலையை முடிவுசெய்கிறது.

பாத்தாமுக்கு மேலே ஒரு வெடிச் சத்தம்

காரணத்தைத் தேடுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, சிங்கப்பூருக்கு மிக அருகில் நடந்த ஒரு சம்பவமே சாட்சி. 2010 நவம்பர் 4 அன்று, சாங்கி விமான நிலையத்திலிருந்து 469 பேருடன் சிட்னிக்குப் புறப்பட்ட குவான்டாஸ் ஏ380 விமானத்தின் இரண்டாம் எண் இயந்திரம், இந்தோனீசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்தது. துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. எச்சரிக்கைச் செய்திகள் வரிசையாகக் குவிந்தன.

விமானிகள் அவசரப்படவில்லை. ஏறத்தாழ 50 நிமிடங்கள் அந்தச் செய்திகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். எவை கெட்டுவிட்டன என்பதோடு, எவை இன்னும் வேலை செய்கின்றன என்றும் கணக்கெடுத்தார்கள். பிறகே சாங்கியில் பத்திரமாகத் தரையிறக்கினார்கள். விமானத்தில் இருந்த எவருக்கும் காயமில்லை.

அந்த இயந்திரத்தைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினால் வேலை முடிந்துவிடுமா? ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் கழகம் காரணத்தைத் தேடியது. பாத்தாமில் சிதறிய பாகங்கள் சேகரிக்கப்பட்டன. உடைந்த டர்பைன் வட்டின் ஒரு பகுதியும் கிடைத்தது. வட்டு உடைந்தது விளைவு மட்டுமே. எண்ணெய் கொண்டுசெல்லும் சிறு குழாய் ஒன்றின் உட்புறத்தைக் கடைந்தபோது மையம் விலகியதால், ஒரு பக்கச் சுவர் மெலிந்துபோயிருந்தது. மெலிந்த இடத்தில் உலோகச் சோர்வால் விரிசல் விழுந்து, எண்ணெய் கசிந்து, உள்ளே தீப்பற்றி, வட்டு தண்டிலிருந்து பிரிந்து வெடித்தது.

இந்தக் காரணம் தெரிந்ததால்தான் அதே வகை இயந்திரங்கள் பலவற்றிலும் குழாய்களை அளந்து பார்த்தார்கள். அளவு தவறிய குழாய்கள் வேறு இயந்திரங்களிலும் இருந்தன. ஓர் இயந்திரத்தை மட்டும் மாற்றியிருந்தால், அவை அப்படியே பறந்துகொண்டிருக்கும்.

நீங்களும் செய்து பாருங்கள்

கார் என்ஜினில் நீங்கள் கை வைக்க வேண்டாம். ஒளி தராத ஒரு கைவிளக்கு போதும். மின்கலம், பல்பு, சுவிட்ச், தொடும் உலோகத் தகடு என்று சந்தேகங்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனையை எழுதுங்கள். குறைந்த செலவில் அதிகச் சந்தேகங்களைத் தீர்க்கும் சோதனையை முதலில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முடிவைக் குறித்துவையுங்கள். கடைசியாக, பழுது நீங்கியதா என்று மறுபடியும் சோதியுங்கள்.

வருங்காலத்தில் நம் சாலைகளில் மின்சார வாகனங்களே அதிகம் ஓடும். பிளக்கும் பெட்ரோல் பம்ப்பும் காணாமல்போகும். ஆனாலும் வண்டி நிற்கத்தான் செய்யும்; காரணம் தேடத்தான் வேண்டும். அடுத்த முறை உங்கள் வீட்டுக் காருக்கு ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொன்னால், பணிவோடு ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இந்தப் பாகம்தான் என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?" நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு விளக்குவார்.